கார்டன் ஃபுளோக்ஸுக்கு ஏர்கான் அறை குளிர்காலம் ஆகாது

போன வாரம் ஓர் அக்கா பிளாஸ்டிக் பையில் ஒரு பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு நர்சரிக்கு வந்தார். டொராண்டோவில் மகள் வீட்டு வாசலில் பார்த்த ஊதாப் பூவாம், பெயர் கார்டன் ஃபுளோக்ஸ். இணையத்தில் வேராக வாங்கி, சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு மாதம் வளர்த்திருக்கிறார். தண்டை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது, புளித்த வாடை வேறு. "தம்பி, குளிர் வேணுமேன்னு ராத்திரியெல்லாம் ஏர்கான் ரூம்லதான் வச்சேன். தண்ணியும் தவறாம ஊத்தினேன்" என்றார். இந்த மாதம் என் மேசைக்கு வந்த நான்காவது தொட்டி இது. நான்கு பேரும் அதே ஏர்கான் கதையைத்தான் சொன்னார்கள்.

கார்டன் ஃபுளோக்ஸ் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் செடி. அங்கே குளிர் வந்ததும் தண்டும் இலையும் கருகிவிடும், வேர் மட்டும் உறைபனி மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். அந்தத் தூக்கம் முடிந்த பிறகுதான் புதுத் தளிர் வலுவாக வரும். ஏர்கானை எவ்வளவு குறைத்தாலும் அறை 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஃபுளோக்ஸுக்கு அது கோடைக்கால இரவு! பகலில் 32 டிகிரி வெயில், இரவில் வெளிச்சமில்லாத அறை என்று மாற்றி மாற்றி வைத்தால் செடிக்கு அலைச்சல்தான் மிச்சம். சிலர் தொட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். வியாபாரிகள் குளிரில் வைப்பது இலையில்லாமல் உறங்கும் வேரை. பச்சை இலையோடு இருக்கும் செடியை இருட்டில், ஈர மண்ணோடு அடைத்தால் அழுகும். சரி, குளிரை எப்படியோ கொடுத்தாலும், பூக்க 14 மணி நேரத்துக்கு மேல் நீளும் கோடைப்பகல் வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான். அதனால் செடி செத்தால் உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள்.

இலையில் மாவு தூவினாற்போல் வெள்ளை படிந்தால் அது சாம்பல் நோய். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள். வேர் அழுகுவது இப்படித்தான். தயவுசெய்து தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தட்டைக் கொட்டித் துடையுங்கள், இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள்.

இன்னொன்று. மகள் வீட்டிலிருந்து வேரைத் துணிப்பெட்டியில் சுருட்டிக் கொண்டுவராதீர்கள். செடி கொண்டுவர அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். ஒரு வேரோடு வரும் பூச்சியும் பூஞ்சையும் எத்தனை தோட்டங்களைக் கெடுக்கும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

குளிர்நாட்டில் பிள்ளைகள் வைத்திருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: நல்ல வெயில் வேண்டும், செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி வேண்டும். வசந்தத்தில் ஒரு தூருக்கு ஐந்தாறு தண்டுகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டினால் காற்று நன்றாக ஓடும், சாம்பல் நோய் குறையும். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றட்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடட்டும். வெள்ளைப் பூவில் 'டேவிட்' ரகம் இந்த நோயை ஓரளவு தாங்கும்.

இங்கே அதே மாதிரிக் கொத்துப் பூ வேண்டுமென்றால் பென்டாஸ் இருக்கிறது, வெட்சி இருக்கிறது. நம் இட்லிப்பூதான். வெயில் படும் தாழ்வாரத்தில் இரண்டும் சளைக்காமல் பூக்கும், பட்டாம்பூச்சியும் வரும். நடைபாதையில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள்.

அக்கா இளஞ்சிவப்புப் பென்டாஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். பழைய மண்ணையே போடலாமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா, அழுகல் அதிலேயே இருக்கும். மண்ணைக் கட்டிக் குப்பையில் போட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுப் புது மண் போடுங்கள்.