'ரியாக்டிவ்' என்று வந்தால் பயப்பட வேண்டுமா? ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கு முகம் வெளிறிவிடும். அது எந்த வரிக்கு நேரே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'எச்பிஎஸ்ஏஜி' என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது ரியாக்டிவ் என்றால் உடலில் வைரஸ் இருக்கிறது. 'எச்பிஎஸ்ஏபி' அல்லது 'ஆன்டி-எச்பிஎஸ்' என்பது அந்தப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். அது பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். "ஹெபடைடிஸ் டெஸ்ட்" என்று மட்டும் லேபில் சொன்னால் பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். அதில் நெகட்டிவ் வந்தால் தொற்று இல்லை என்றுதான் பொருள். எதிர்ப்புச் சக்தி உண்டா என்பதற்கு அதில் பதில் இல்லை. அது வேண்டுமென்றால் "ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர் (ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளின் அளவு), எண்ணோடு வேண்டும்" என்று கேளுங்கள்.

டைட்டரில் மில்லிலிட்டருக்கு 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட், அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு. பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. மூன்றாவது போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் எடுத்தால்தான் அந்த 10-க்கு முழு அர்த்தம். அப்போது 10-ஐத் தாண்டியவருக்குப் பத்து வருடம் கழித்து 4 வந்தால் தடுப்பூசி தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையும், நினைவு செல்கள் இருக்கும். இந்த வைரஸ் நோயாக வெளிப்பட 45 முதல் 180 நாள் ஆகும். அதற்குள் அந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். ஆரோக்கியமானவருக்கு பூஸ்டர் தேவையில்லை. 'ஃபுல் பாடி செக்-அப்' பேக்கேஜில் எல்லோருக்கும் இந்த டெஸ்டைச் சேர்ப்பது வீண் செலவு.

மருத்துவ ஊழியர்கள், தொற்றுள்ளவரின் கணவன் அல்லது மனைவி, தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள், டயாலிசிஸ் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் இது அவசியம். நர்சிங் மாணவி ஒருவர் குழந்தையில் ஊசி போட்டிருக்கிறார், டைட்டர் எடுத்ததே இல்லை, இப்போது 3 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஊசி போட்டு 1–2 மாதம் கழித்துத் திரும்ப எடுக்கலாம். 10-ஐத் தாண்டினால் அதோடு சரி. தாண்டாவிட்டால் மீதி இரண்டு ஊசியையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரியான நேரத்தில் எடுத்தும் 10-க்குக் கீழே வருவதற்குக் காரணங்கள் உண்டு. தோள்பட்டைத் தசையில் போட வேண்டியதைப் புட்டத்தில் போட்டால், ஊசி கொழுப்பிலேயே நின்றுவிடலாம். 2–8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் பயனில்லை. உருகிய பிறகு குப்பியைப் பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. நாற்பது வயதைக் கடந்தது, புகை, உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் டைட்டரைக் குறைக்கும். 10-க்குக் கீழே வந்தவர்களுக்கு இன்னொரு முழுச் சுற்று. ஆறு ஊசிக்குப் பிறகும் ஏறாவிட்டால் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்) இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு எத்தனை ஊசி போட்டாலும் டைட்டர் ஏறாது. இரண்டும் நெகட்டிவ் என்றால் அவர் 'நான்-ரெஸ்பாண்டர்', அதாவது தடுப்பூசிக்கு உடல் பதில் தராதவர். தொற்றுள்ளவரிடம் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், இந்த நான்-ரெஸ்பாண்டருக்கு இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்பொருள் ஊசி) உடனே ஒன்றும், ஒரு மாதம் கழித்து ஒன்றும் வேண்டும். அளவு கிலோவுக்கு 0.06 மில்லி.

ஆன்டி-எச்பிசி தடுப்பூசியால் வராது. தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டுமே உண்டு. ஆன்டி-எச்பிசியும் ஆன்டி-எச்பிஎஸ்ஸும் சேர்ந்து பாசிட்டிவ், எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றால், தொற்று வந்து ஆறிவிட்டது. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கீமோ, ரிட்டுக்சிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சை வந்தால் கல்லீரலில் ஒளிந்திருக்கும் வைரஸ் திரும்ப எழக்கூடும். டாக்டரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

தேதி குழப்பும் இடங்கள் இன்னும் இரண்டு. தடுப்பூசி போட்ட சில நாளில் எச்பிஎஸ்ஏஜி எடுத்தால் ஊசியில் இருந்த புரதமே பாசிட்டிவ் காட்டலாம். 18 நாள் வரைகூட. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்து, 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் வாங்கிய குழந்தைக்குச் சீக்கிரமே டைட்டர் எடுத்தால் தெரிவது அந்த ஊசியின் எதிர்ப்பொருள். குழந்தையின் சொந்தச் சக்தி அல்ல. 9 முதல் 12 மாதத்தில், எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிஎஸ்ஸும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.