'தி' என்னும் சொல்லும் ஒரு படகின் விரிசலும்

நாகர்கோவிலில் ஆங்கிலப் பிரதிகளை எழுதியும் திருத்தியும் கொடுப்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன், குளச்சலைச் சேர்ந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர், காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்டு இருமுறை திருப்பிய ஒரு கடிதத்துடன் வந்தார். "சாரே, கொஞ்சம் கனத்த இங்கிலீஷ்ல எழுதித் தாங்க, அப்பதான் மதிப்பாங்க" என்றார். ஏற்கெனவே இருந்த கடிதமே போதுமான அளவுக்குக் கனமாகத்தான் இருந்தது. 'வித் டியூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன்' என்று தொடங்கி, இரண்டு பத்திகள் பணிவிலேயே கழிந்து, படகு எந்த நாளில், எந்த இடத்தில் சேதமடைந்தது என்பது மூன்றாம் பத்தியின் நடுவில் புதைந்து கிடந்தது.

ஆனால் அக்கடிதத்தின் உண்மையான கோளாறு மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லில் இருந்தது. 'வீ நோட்டீஸ்ட் தி கிராக்' என்று எழுதியிருந்தார்கள். தமிழில் 'விரிசலைக் கண்டோம்' என்றால் அது புதிய விரிசலா, முன்பே தெரிந்த விரிசலா என்பதைச் சூழலே சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ 'தி' என்று வந்தவுடன், எழுதுபவரும் படிப்பவரும் முன்பே அறிந்த விரிசல் என்ற பொருள் வந்துவிடுகிறது. பயணத்துக்கு முன்பே படகில் விரிசல் இருந்ததா என்று நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்டதன் காரணம் இதுவே. 'எ கிராக்' என்று மாற்றினேன். நம்மில் பலர் உச்சரிப்புக்கும் அரிய சொற்களுக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கைக்கூட இச்சிறு சொற்களுக்குச் செலவிடுவதில்லை.

கனத்த ஆங்கிலமே வெள்ளையர் விரும்பும் ஆங்கிலம் என்ற நம்பிக்கை இங்கு இன்னும் வலுவாக இருக்கிறது. பிரிட்டன் அரசின் நிதித்துறையே தன் அலுவலர்களின் சுற்றிவளைத்த நடையைப் பொறுக்காமல் எர்னஸ்ட் கவர்ஸ் என்பவரிடம் எளிய நடைக்கான கையேடு ஒன்றைக் கேட்டு வாங்கியது. அது 1948-இல் வெளிவந்தது. அவர்கள் களைய முயன்றதை நாம் மாதிரிக் கடிதங்களில் பத்திரமாகப் பாதுகாக்கிறோம். மறுபக்கம், வாக்கியத்தை 'வித்', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொல்லில் (பிரிபொசிஷன்) முடிக்கக் கூடாது என்று மாணவர்களை மிரட்டும் ஆசிரியர்களும் உண்டு. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் சொன்ன குறையை மூன்றரை நூற்றாண்டுகளாகச் சுமக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

திருத்துபவரும் தவறுவார். விளவங்கோடு என்ற ஊர்ப்பெயரின் ஈற்றை ஆங்கிலத்தில் சி, ஓ, டி, இ என்று எழுதுவது பழைய திருவிதாங்கூர் வழக்கம். அதைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஒருவரின் விண்ணப்பத்தில் 'திருத்தி', அவருடைய மற்ற ஆவணங்களோடு பொருந்தாமல் செய்தவன் நான். அன்று முதல் பெயர்களில் கை வைப்பதில்லை. எழுதியதை ஓர் இரவு ஆறப்போட்டு, காலையில் வாய்விட்டுப் படித்த பிறகே கொடுக்கிறேன்.

படகுக் கடிதம் கடைசியில் ஏழு வாக்கியங்களில் முடிந்தது. உரிமையாளர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சாரே?" என்றார். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய காலத்தில், நன்றாக எழுதிய நாளிலெல்லாம் எனக்கு வருமானம் குறைந்தது. ஆகவே இப்போது கடிதத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறேன்.

இழப்பீட்டுக் கோரிக்கை ஏற்கப்பட்ட பின், வளைகுடாவில் செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்கவிருந்த தம் தங்கை மகளை அவர் அழைத்து வந்தார். அந்தப் பெண் தன் அனுபவத்தை 'ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதியிருந்தாள். 'அங்கே மூன்று வருடம் வேலை செய்திருக்கிறேன்' என்ற தமிழின் நேர் நிழல் அது. தமிழில் அந்த வாக்கியம் வேலையை விட்டவருக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் படிப்பவர் கொள்வார்.

"இப்பவும் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், ரிலீவ் ஆகி எட்டு மாசம் ஆச்சு" என்றாள்.