இந்த மாதம் நான்காவது கட்டைவிரல்

டொரன்டோவில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கியதும் என் கிளினிக்குக்கு ஒரு தனி வகைக் கை வர ஆரம்பிக்கும். கட்டைவிரலை உள்ளங்கையோடு ஒட்டிப் பிடித்தபடி, கதவைக்கூட மறு கையால் திறந்துகொண்டு வருவார்கள். போன வாரம் வந்தது இந்த மாதத்தின் நான்காவது. நேரில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

வந்தவர் ஸ்காபரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகளுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் குளிருக்குக் கழுத்து வளையம் பின்னுகிறார். நூல் கடையில் கௌல் என்பார்கள்: இரு முனையும் சேர்ந்த மஃப்ளர், தலை வழியாக மாட்டிக்கொள்வது. இரண்டு முடிந்து மூன்றாவது பாதியில் இருக்கிறது. கட்டைவிரல் வலிக்கு அவர் வைத்திருந்த காரணங்கள் குளிர், கால்சியம், சோற்றுப் பானை. பின்னல்தான் காரணம் என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். "இது பஞ்சு மாதிரி நூல், பிள்ளை. இதுக்கும் கை நோகுமே?"

நோகும் அம்மா. இந்த ஒரு கேள்விக்குத்தான் வருடா வருடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கனம் தூக்கினால்தான் கை கெடும் என்று யார் சொல்லி வைத்தார்களோ! கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரத் தடிமன் நூல், 5 மில்லிமீட்டர் ஊசி, சுற்றுக்கு 108 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் சுருக்கும் ஒரு கண்ணி), மொத்தம் 60 சுற்று. ஒரு வளையத்துக்கு 6480 கண்ணி. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் ஊசியைக் கிள்ளிப் பிடிக்கிறது, மணிக்கட்டு ஒருமுறை திரும்புகிறது.

இவர் பின்னியது மாஸ் ஸ்டிச் என்ற பின்னல் வகை. ஒரு நிட் (நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கப் போடும் கண்ணி), ஒரு பர்ல் (நூல் முன்னால் இருக்கப் போடும் கண்ணி), அடுத்த சுற்றில் மாற்றி. கடுகு தூவியது போல மேடு மேடாக வரும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் ஊசிக்கு முன்னால் வர வேண்டும், அடுத்ததற்குப் பின்னால் போக வேண்டும். நூலை வலது கையில் பிடித்துச் சுற்றிப் பின்னுகிறவருக்கு இது தனியாக இன்னொரு 6480 அசைவு. மூன்று வளையத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சிந்திய நெல்மணி ஒன்றைப் பொறுக்கினால் கனமே தெரியாது. ஒரு மூட்டையை மணி மணியாகப் பொறுக்கினால்?

போதாததற்கு, பேரனை அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் இதே கட்டைவிரல் தசைநாண்களைத்தான் இழுக்கிறது. பகலில் பேரன், இரவில் ஊசி.

கட்டைவிரல் தசைநாண்கள் மணிக்கட்டில் ஓடும் உறை தடித்து இறுகும் இந்த நோய்க்கு டி கெர்வெய்ன் என்று பெயர், 1895-இல் விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்கும். எல்லோரும் இதை ஃபிங்கெல்ஸ்டீன் சோதனை என்கிறார்கள். உண்மையில் இது ஐக்ஹோஃப் என்ற இன்னொரு மருத்துவர் செய்தது. எங்கள் பாடநூல்களே குழப்பும், விடுங்கள். ஒன்று மட்டும்: வலி போய்விட்டதா என்று தினமும் பத்துமுறை இதைச் செய்து பார்க்காதீர்கள். புண்ணைச் சொறிந்து பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

எண்ணெய் போட்டு அழுத்தி நீவவும் வேண்டாம். உறைக்குள் ஏற்கனவே இடமில்லை. மருந்துக் கடையில் வாங்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலைச் சும்மா விட்டுவிடும், அதனால் பயனில்லை. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் வேண்டும். அழுத்தக் கையுறை மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் பின்னலாம் என்று நினைப்பவர்களிடம் நான் பேசுவதாக இல்லை.

இரவில் கட்டை, ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் அது வேறு கதை, மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கார்பல் டனல். சர்க்கரையோ தைராய்டு குறைவோ இருப்பவர்களுக்கு அது சீக்கிரம் வரும். உதறிவிட்டுத் தூங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, பின்னாமல் இருக்க முடியாது, தெரியும். ஊரை விட்டு வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வெறிச்சென்று கிடக்கும் வீட்டில் அந்த ஊசி என்னவாக இருக்கிறது என்றும் தெரியும். பறிக்க மாட்டேன். வடிவத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ப்ரோக்கன் ரிப் என்று ஒன்று இருக்கிறது: ஒரு சுற்று நிட்–பர்ல் மாறி மாறி, அடுத்த சுற்று முழுக்க நிட். மேடும் பள்ளமும் இதிலும் வரும், பர்ல் பாதியிலிருந்து கால்வாசியாகக் குறையும். ஒன்றுவிட்ட சுற்றில் நூல் முன்பின் போகவே வேண்டாம்.

அந்த அம்மா வைத்திருந்தது தொப்பி பின்ன வாங்கிய 40 சென்டிமீட்டர் வட்ட ஊசி, இரண்டு முனைகளை வளையும் கயிறு இணைப்பது. அதன் முனைகள் குட்டை, பாதி விரல்கள் பிடிக்க இடமில்லாமல் மடங்கியே கிடக்கும். கழுத்து வளையத்துக்கு 60 எடுங்கள். விலை பெரிதில்லை, என் ஃபீஸைவிடக் குறைவு. நேரான நீட்டு ஊசி வேண்டவே வேண்டாம், பின்னிய துணியின் பாரம் முழுக்க மணிக்கட்டில் தொங்கும். பருத்தி நூல் கொஞ்சமும் இழுபடாது, கைக்குக் கம்பளிதான் நல்லது.

இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். "இந்தச் சுற்று முடியட்டும்" என்று சொல்லாதீர்கள், அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வலி தொடங்கிவிட்டால் ஊசியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள், ஆறு மாதம் கழித்து அல்ல. சீக்கிரம் வந்தால் ஸ்பிளின்ட்டும் ஓய்வும் பெரும்பாலும் போதும். தாமதித்தால் ஊசி மருந்து, அதற்கும் மசியாவிட்டால் கத்தி.

அப்புறம், கடைசிச் சுற்றைக் கட்டி முடிக்கும்போது பலர் அவசரத்தில் நூலை இறுக்கி இழுப்பார்கள். வலது கையில் 6 மில்லிமீட்டர் ஊசி எடுத்துக்கொள்ளுங்கள், தளர்வாக வரும், தலையிலும் சுலபமாக நுழையும். அதையும் அன்றிரவே முடிக்க வேண்டாம். மறுநாள் காலை, டீ குடித்த பிறகு.