பெரிய தலை எப்படிப் பெரிதாகிறது?

காங்கயத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடை. மாமன் மகள் வீட்டுக் காதுகுத்துக்குத் தட்டி அடிக்கப் போயிருந்தோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டான்: "தாய்மாமன் யாருங்க? அவரத்தான் பெருசா வெக்கோணும்." வைத்தான். பிறகு அப்பிச்சியும் அம்மிச்சியும். அப்புறம் உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர், மேகத்துக்கு நடுவில் கை கூப்பியபடி. கடைசியாக, கீழ் ஓரத்தில் தபால்தலை அளவில் பங்காளி வீட்டுப் பையன்கள் பதினாறு பேர். "தம்பி, மாமன் தலையவிடக் கட்சிக்காரர் தலை பெருசாத் தெரியுதே" என்று பெரியப்பா ஆரம்பிக்க, கால் மணி நேரம் பஞ்சாயத்து. பையன் மவுஸை இரண்டு இழுப்பு இழுத்தான், தீர்ந்தது.

அந்தப் பையன் கையாண்டது, யார் பெரியவர் என்பதை உருவத்தின் அளவால் காட்டும் ஐயாயிரம் ஆண்டுப் பழைய உத்தி. எகிப்தில் கி.மு. 3100 வாக்கில் செதுக்கிய நார்மர் பலகை என்ற கல் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 64 செ.மீ. அதில் அரசன் எதிரியின் முடியைப் பற்றிக்கொண்டு தண்டாயுதத்தை ஓங்குகிறான். அவனுக்குப் பின்னால் சிறுபிள்ளை உயரத்தில் ஒருவன். பிள்ளையும் இல்லை, தூரத்தில் நிற்பவனும் இல்லை. அரசனின் செருப்பைக் கையில் வைத்திருக்கும் வேலைக்காரன். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் நினைவுதான் வரும். கொங்குக் கிராமங்களில் அருந்ததியர் ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால் தங்கள் சொந்தச் செருப்பையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எஜமான், வேலைக்காரன் என்ற வர்க்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து வரைந்துவிட முடியாது இங்கே. சாதி கூடவே வந்து நிற்கும்.

சரி, ஒருவரைப் பெரிதாக வரைந்தால் அவர் பெரிய மனிதர் என்று நமக்கு ஏன் உடனே புரிகிறது? பாதி விடை கண்ணில் இருக்கிறது. நம் பார்வையில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது, நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான். அதனால் கண் ஒரு படத்தை மொத்தமாகப் பார்ப்பதில்லை. நொடிக்கு மூன்று முறை போல இடம் விட்டு இடம் தாவுகிறது. முதல் தாவல்கள் பெரும்பாலும் பெரிய உருவத்துக்கும் முகத்துக்கும் போகின்றன. பெரிய முகம் என்றால் கேட்கவே வேண்டாம். தட்டியில் பேரைப் படிப்பதற்கு முன்பே தாய்மாமன் யார் என்பது முடிவாகிவிடுகிறது.

மீதி விடை மூளையில். 2011-ல் லோட்டே தாம்சன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் கைக்குழந்தைகளுக்கு ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டினார்கள். கண்ணும் வாயும் வைத்த இரண்டு கட்டைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எதிரெதிரே வந்து முட்டிக்கொள்கின்றன. பிறகு ஒன்று பணிந்து வழிவிடுகிறது. சிறியது வழிவிட்டால் குழந்தைகள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பெரியது வழிவிட்டபோது வெகுநேரம் வெறித்துப் பார்த்தார்கள். எதிர்பாராதது நடந்தால் குழந்தைகள் செய்வது அதுதான். பத்து மாதக் குழந்தைகளிடம் இது தெரிந்தது, எட்டு மாதத்தில் தெரியவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே "பெரியவர்" என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒன்றாகி விடுகின்றன போல.

உயரத்துக்கும் இதே கதைதான். முதலாளி, வேலையாள் மாதிரி ஜோடிச் சொற்களைத் திரையில் மேலும் கீழுமாகக் காட்டி, அதிகாரம் உள்ளவர் யார் என்று கேட்டார் தாமஸ் ஷூபர்ட். 2005-ல் வந்த ஆய்வு. முதலாளி மேலே இருந்தால் பதில் சட்டென வந்தது. கீழே இருந்தால் கொஞ்சம் தடுமாற்றம். "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

ஆனால் நம் ஊர்க் கல்லுத் தச்சர்கள் இந்த விதியை வைத்தே வேறொன்று செய்திருக்கிறார்கள். திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் காட்டோரம் நிற்கும் புலிக்குத்திக் கல்லைப் பாருங்கள். பாயும் புலி, அதன் மேல் ஈட்டியைப் பாய்ச்சும் ஒருவன், கல் முழுக்க அவன்தான். பட்டியையும் மாட்டையும் காக்கப் போய்ச் செத்தவனுக்கு அரசனின் அளவு கிடைத்துவிடுகிறது. உயிரோடு இருந்தவரை யாரும் அவனை அந்த அளவில் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

ஊர்க் கோயிலில் இந்தக் கணக்கு தலைகீழாகவும் நிற்கும். வெளியே காவலுக்கு உட்கார்ந்திருக்கும் முனி, முறுக்கு மீசையும் அரிவாளுமாகப் பனை உயரம் இருப்பார். உள்ளே இருக்கிற அம்மனோ சாண் உயரக் கல். யார் பெரியவர் என்று கேட்டால் யாரும் முனியைக் காட்ட மாட்டார்கள். காரணம் இடம். எத்தனை வாசல் தாண்டினால் பார்க்க முடிகிறது என்பதும் ஓர் அளவுகோல். உருவ அளவு ஒரு மொழி என்றால் கருவறை அதைவிடக் கனமான மொழி.

ஐரோப்பாவில் அளவு பெரிய சண்டையையே கிளப்பியது. பிரெஞ்சு ஓவியர் கூர்பே தன் சொந்த ஊரான ஓர்னானில் நடந்த ஒரு சவ அடக்கத்தை வரைந்து 1850-51 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஆறரை மீட்டருக்கு மேல் அகலம். ஊர்க்காரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர், ஆளுயரத்தில், ஒரே வரிசையில். யாரும் யாரையும்விடப் பெரிதில்லை. அந்த அளவுத் துணி அதுவரை சாமிக்கும் ராஜாவுக்கும் உரியது. குழிமேட்டில் நிற்கும் குடியானவர்களுக்கு அதைக் கொடுத்ததைத்தான் பாரிஸ்காரர்களால் தாங்க முடியவில்லை.

கேமரா வந்ததும் விஷயம் இன்னும் சிக்கலானது. லென்ஸுக்கு மரியாதை தெரியாது. இரண்டு மடங்கு தூரத்தில் நிற்பவர் பாதி உயரத்தில்தான் விழுவார். பண்ணையாள் ஓரடி முன்னால் வந்தால் பண்ணையாரைவிடப் பெரிதாகிவிடுவான். அதனால் படம் எடுப்பவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய குடும்பப் படங்களில் பெரியவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். அவர் தலைதான் தாழ இருக்கும். ஆனாலும் நாம் தப்பாகப் படிப்பதில்லை, உட்காரும் உரிமை யாருடையது என்று தெரியும் என்பதால். துண்டையும் கவனியுங்கள். தோளில் கிடந்தால் ஒன்று, இடுப்பில் இறங்கியிருந்தால் இன்னொன்று.

நிறத்துக்கும் ஒரு காலத்தில் அந்தஸ்து இருந்தது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்து எடுத்த நீலம் ஐரோப்பாவில் அநியாய விலை. 1485-ல் ஃபிளாரன்ஸில் கிர்லாண்டாயோ என்ற ஓவியரோடு போட்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் நாலு ஃபுளோரின் தரத்தில் இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். மாதாவின் மேலாடையைப் பார்த்தவுடன் காசு கொடுத்து வரையச் சொன்னவரின் பணப்பையும் தெரிந்துவிடும். 1820-களின் கடைசியில் அதே நீலத்தைத் தொழிற்சாலையில் செய்யக் கற்றபின் அந்தப் பெருமை போயிற்று. ஃபிளெக்ஸ் கடையிலோ சதுர அடிக்கு ஒரே விலை. வானமும் ஒன்று, சேறும் ஒன்று. நிறம் பேச முடியாமல் போனதால்தான் எகிப்தின் பழைய அளவு விதி நம் தெருமுனைக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் மண்டபத்து முன்னால் தட்டியைக் கட்டினார்கள். தபால்தலைப் பையன்கள் கும்பலாக வந்து நின்றார்கள். கூட்டத்தில் தன் முகத்தை மற்ற முகங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பது மனித மூளையின் இன்னொரு வேலை. தாய்மாமனை ஒருவனும் பார்க்கவில்லை. கீழ் வரிசையில் நாலாவதாக இருந்தவன் குனிந்து விரலை வைத்து, "டேய், என்னைய ஏண்டா பாதி வெட்டிட்டான்?" என்றான்.