உடம்பு வளரும், துணி சுருங்கும்

ஆறு மாதத்துக்கு முன் அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்று போட்டுப் பார்த்தால் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. தோளும் மார்பும் மட்டும் அப்போது இருந்தபடியே பொருந்துகின்றன. தைத்தவர் மேல் குற்றமில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதில்தான் மிக வேகமாக வளர்கிறார்கள்; அந்த ஓராண்டில் 8 செ.மீ. உயர்வதுகூட சாதாரணம். எல்லா உறுப்பும் சேர்ந்து வளர்வதுமில்லை. முதலில் பாதம், அப்புறம் கைகால், நடு உடம்பு கடைசியில். ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாம் என்ற கணக்கு அதனால்தான் பாதி பலிக்கிறது: தோள் தொங்கும், கை மட்டும் சரியாக இருக்கும்.

துணியோ எதிர்த்திசையில் போகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் பருத்தி இழை உப்பும். குறுக்கே ஓடும், தடித்துப்போன ஊடு நூல்களுக்கு மேலும் கீழுமாக வளைந்து போகப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டுமே, அதைத் துணியின் நீளத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைப்பது இதற்காகத்தான். பாலியெஸ்டர் இந்த வம்பு செய்யாது. அது தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. ஆனால் பருவ வயதில் அக்குளில் புதிதாக வேலை தொடங்கும் வியர்வைச் சுரப்பிகளையும் யோசிக்க வேண்டும். அந்த வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வரும். அது பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். தினம் போடும் சட்டைக்கு என் ஓட்டு பருத்திக்கே.

மாதவிடாய்க் கறைக்கு வெந்நீர் மட்டும் வேண்டாம். ரத்தத்தில் இருப்பது புரதம். சூடு பட்டால் இறுகி இழையோடு ஒட்டிவிடும். கறை காய்வதற்குள் குளிர்ந்த நீரில் அலசினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்குப் புரதத்தைத் துண்டாக்கும் என்சைம் கலந்த சோப்புத்தூள் போதும்.

சரி, தையலுக்கு வருவோம். மெஷின் ஊசி துணிக்குள் இறங்கி, மறுபடி மேலே கிளம்பும் அந்த ஓரிரு மில்லிமீட்டரில்தான் வித்தை நடக்கிறது. ஊசி ஏறுகிறது; நூலைத் துணி பிடித்துக்கொள்வதால் அது கூடவே ஏற முடியாமல் ஊசிக்குப் பின்னால் சின்ன வளையமாகப் புடைக்கிறது. கீழே சுழலும் கொக்கியின் நுனி அந்த வளையத்தைப் பற்றி, கீழ்நூல் சுற்றிய சின்ன உருளையான பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் துணியின் தடிமனுக்கு நடுவில் ஒளிந்திருந்தால் நல்ல தையல். துணியின் அடிப்பக்கம் வளையம் வளையமாகத் தொங்கினால், புதிதாகத் தைக்கும் பிள்ளைகள் உடனே பாபினைக் கழற்றிக் குடைவார்கள். பெரும்பாலும் கோளாறு மேலே இருக்கும்: மேல்நூலின் டென்ஷன், அதாவது இழுவிறைப்பு, தளர்ந்திருக்கும், அல்லது நூல் அதை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் சரியாக உட்கார்ந்திருக்காது.

வளரும் பெண்ணுக்குத் தைக்கும்போது விளிம்பில் 5 செ.மீ. வரை உள்ளே மடித்து விடலாம்; பக்கத் தையலிலும் கொஞ்சம் துணி விட்டுவைக்கலாம். பின்னால் பிரிக்கப்போகும் இடத்தில் தையல் நீளத்தை 4 மி.மீ. ஆக்கிக்கொண்டால் பிரிப்பதும் சுலபம். நாள் கழித்து மடிப்பைப் பிரித்தால் அடியில் அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை தெரியும். வெயிலும் சலவையும் மேல்துணியின் சாயத்தை வெளிறச் செய்திருக்க, உள்ளே மடிந்திருந்த பகுதி மட்டும் புதுசாகவே இருக்கிறது. அதை மறைக்கத்தான் மேலே ஒரு ரிப்பனோ லேஸோ வைத்துத் தைப்பார்கள். ஊசி போட்ட ஓட்டை வரிசைக்கு அதுகூட வேண்டாம். பருத்தி என்றால் ஒரு முறை நனைத்தாலே இழைகள் உப்பி நகர்ந்து, ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும்.