உடைந்த பீஸைத் தூக்கிப் போடாதீர்கள்

புதுப் பொருளின் லாஞ்சுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டெஸ்டில் ஒரு சாம்பிள் ஃபெயில் ஆகிறது. "வேற பீஸ் போட்டு ஓட்டுங்க" என்று உத்தரவு வருகிறது. அடுத்தது பாஸ். ரிப்போர்ட்டிலும் பாஸ் என்றே ஏறுகிறது. உடைந்தது ஸ்கிராப் பெட்டிக்குப் போய்விடுகிறது. இதை இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது? டீம் கற்க வேண்டியது அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது.

"நெருக்கினால்தான் டீம் வேகமாகக் கற்கும்" என்ற நம்பிக்கை மேலிடத்தில் ஊறிப்போயிருக்கிறது. கெடுவே இல்லாத டீம் தூங்கிவிடும் என்பது சரிதான். ஆனால் நெருக்கினால் வேகம் கூடுவது தெரிந்த வேலையில் மட்டும்: டிராயிங் ரிலீஸ், பர்ச்சேஸ் ஆர்டர், பேக்கிங். பொருள் நாள்பட எப்படித் தேய்கிறது என்று பார்க்கும் ஏழு நாள் ஏஜிங் டெஸ்ட் யார் அதட்டினாலும் நான்கு நாளில் முடியாது. அதைவிடக் கேடு, சந்தேகம் கேட்பவருக்கு 'லேட் பண்றவர்' என்று பெயர் வந்துவிடும். அடுத்த ரிவ்யூவில் அவர் வாயே திறக்கமாட்டார்.

சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன் கதை தெரியாதவர் இல்லை, ஆனால் பாதிதான் நினைவில் நிற்கிறது. 2016 ஆகஸ்ட் 19-இல் விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் 2-இல் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாகச் சாம்சங் அறிவித்தது. ஒரு சப்ளையரின் பேட்டரிதான் கோளாறு என்று முடிவுகட்டி, சில வாரங்களிலேயே இன்னொருவரின் பேட்டரியோடு மாற்றுப் போன்கள் வந்தன. அவையும் எரிந்தன. அக்டோபர் 11-இல் உற்பத்தியே நின்றது. 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் தனியே சோதித்து, 2017 ஜனவரி 23-இல் காரணத்தை வெளியிட்டார்கள். முதல் பேட்டரியில் மேல் வலது மூலையில் நெகட்டிவ் எலக்ட்ரோடு வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறு, பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரித்து வைக்கும் செப்பரேட்டரைத் துளைத்திருந்தது. சிலவற்றில் இன்சுலேஷன் டேப்பே இல்லை. இரண்டும் வெவ்வேறு கோளாறு. காரணம் தெரியும் முன்பே சப்ளையரை மாற்றுவதும் "வேற பீஸ் போடுங்க" ரகம்தான்.

ஃபெயில் ஆன பீஸில் லாட் நம்பர், டெஸ்ட் கண்டிஷன், தேதி எழுதிய டேக் கட்டுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒரே நேரத்தில் மெட்டீரியலையும் டிசைனையும் மாற்றாதீர்கள். எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். பைலட் லாட்டுக்கும் (முதல் சோதனை உற்பத்தி) டூலிங் ரிலீஸுக்கும் (உற்பத்தி அச்சுகளுக்கு ஒப்புதல்) நடுவே, ஃபெயில் ஆன பீஸைப் பிரித்துப் பார்க்க நான்கைந்து நாளை பிளானிலேயே எழுதிவையுங்கள். எழுதாத நாளைத்தான் முதலில் பிடுங்குவார்கள். தேதி முன்னால் வந்தால் ஒரு ஃபீச்சரை வெட்டுங்கள், டெஸ்ட் ரவுண்டை வெட்டாதீர்கள்.

மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபெயில் ஆன அன்றே அரை மணி நேரம் உட்காருங்கள். டெஸ்ட் ஓட்டிய டெக்னீஷியன் முதலில் பேசட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.