வாஷிங்டனின் உயிரைப் பறித்த தொண்டை வலி

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் எளிதில் சாய்கிற ஆள் இல்லை. 19 வயதில் பார்படோஸ் தீவில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். தளபதியாக இருந்தபோது, 1777-ல் தன் படைக்கே அம்மை குத்தச் சொன்னவர். போரில் வென்று, எட்டு ஆண்டுகள் ஆட்சி நடத்திவிட்டு, 1797-ல் மவுண்ட் வெர்னான் பண்ணைக்குத் திரும்பினார். 67 வயதில் அவரை முடித்தது தொண்டை வலி.

காது மூக்கு தொண்டை மருத்துவராக அந்தக் கடைசி நாளைப் படிக்கும்போது மனம் பதைக்கிறது. 1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் குதிரையில் பண்ணையைச் சுற்றிவந்தார். மறுநாள் தொண்டை கட்டியது. வந்தது போலவே போகட்டும் என்று மருந்தை மறுத்துவிட்டார். 14-ம் தேதி விடிவதற்குள் மூச்சுவிடவே திணறினார். வெல்லப்பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் மூச்சே அடைத்தது. அப்புறம் அக்கால வழக்கப்படி, பல தடவையாக இரண்டு லிட்டருக்கும் மேல் இரத்தத்தை வெளியேற்றினார்கள். வந்திருந்த மூன்று மருத்துவர்களில் இளையவரான எலைஷா டிக், மூச்சுக்குழாயில் துளையிடலாம் என்றார். மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. துளையிடுவது அன்று ஆபத்தான யோசனைதான். ஆனால் அடைப்பு எங்கே என்பதை டிக் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

குரல்வளை மூடியில் ஏற்பட்ட கடும் அழற்சியாக இருக்கலாம் என்பதே இன்று பலரின் கணிப்பு. நாக்கின் அடியில் இருக்கும் அந்த மூடி வீங்கினால், சில மணி நேரத்தில் மூச்சுப்பாதை அடைபடலாம். பெரியவர்களுக்கும் வரும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை சாதாரணமாகவே தெரியலாம். அதனால்தான் சிலர் மாத்திரை, கஷாயம் என்று பொழுதைக் கழித்துவிட்டு வருகிறார்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தபடி, வாய்க்குள் சூடான சோற்றை அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற குரலில் ஒருவர் பேசினால் தாமதிக்காதீர்கள். படுக்க வைக்காதீர்கள். ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள், குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். உட்கார்ந்த நிலையிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; 108-ஐ அழையுங்கள்.

குழந்தைகளுக்கு இதை உண்டாக்கும் முக்கியக் கிருமிக்கு, 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் தடுப்பு இருக்கிறது. ஒரு தவணை விட்டுப்போயிருந்தால் குழந்தை நல மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.